இரண்டாம் வாயில்

கல்வியிலே தகுதி எனப்படுவது யாது? ஒருவர் வந்து சேர்ந்த இடமா, அன்றி அவர் கடந்து வந்த தூரமா? இது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில், ஊவாத் தோட்டங்களின் லயன் வாசல்கள்தோறும் எழும் வினா அது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோ 1970களிலேயே ஆகும். அதுவரை, ஓராசிரியர் பல வகுப்புகளையும் ஒருங்கே கட்டியாளும் கொட்டகைகளே பல தோட்டங்களிற் பாடசாலை எனப் பெயர் பெற்றிருந்தன. இத்தகைய பிற்புலத்திலிருந்து வரும் பிள்ளையொன்று, நமுனுகுலையிலோ தெமோதரையிலோ உயர்தர வகுப்பை எட்டுவதே ஒரு பெரும் பயணமாகும்.

அரசு இதனை அறியாமலில்லை. 1970களில் தோன்றிய மாவட்ட ஒதுக்கீட்டு முறை, பல மாற்றங்களின் பின்னர், பெரும்பாலான கற்கைநெறிகளின் இடங்களுள் 40 வீதத்தைத் திறமைக்கும், 55 வீதத்தை மாவட்டங்களுக்கும், 5 வீதத்தைக் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வகுத்தளித்தது. அப்பதினாறனுள் பதுளையும் ஒன்று. எனினும் மாவட்டம் என்னும் அளவுகோல் நகரையும் தோட்டத்தையும் ஒரே தட்டில் இட்டு நிறுக்கின்றது. பதுளை நகரின் பெரும் பாடசாலை மாணவனும், மலையிறங்கி வந்து கற்ற தோட்டத்து மாணவியும் அதன் கணக்கில் வேறல்லர்.

பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மும்முறையே தோற்றலாம். அதன்பின் வாயில் அடைபடுகின்றது. வெளியே நின்றோர் அனைவரும் கல்வியைத் துறந்துவிடுவதில்லை. சிலர் பதுளை உயர் தொழினுட்ப நிறுவகத்திலே டிப்ளோமா பயில்கின்றனர். சிலர் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெறுகின்றனர். ஆயினும் அங்குக் கற்றதைக் கணக்கிற் கொண்டு, பல்கலைக்கழகத்தின் இடையாண்டொன்றில் உள்வாரி மாணவராகச் சேர்வதற்குரிய பொதுவழி நம் நாட்டில் வேரூன்றவில்லை. 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகமே சான்றிதழிலிருந்து பட்டம் வரை படிப்படியாக ஏறும் வழியைக் காட்டியது. ஆனால் கலிபோர்னியா மாநிலத்திலோ, 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டத்திலேயே, சமுதாயக் கல்லூரியில் ஈராண்டு கற்றுத் தேறியோர் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிற் புகுவதற்கு இடம் வகுக்கப்பட்டது.

இத்தகைய வாயிலைத் திறந்தால் தரம் குன்றும் என்பார் உளர். அவர் கூற்றை எளிதில் ஒதுக்குதல் தகாது. பாலம் கட்டியவர் எத்தனை இடர்களைக் கடந்து கற்றார் என்பதைப் பாலம் அறியாது. அது தாங்கவேண்டும், அவ்வளவே. முன்வாயிலால் நுழைந்தோரும், குறைந்த புள்ளி பெற்றவர் தம் அருகே அமர்வது முறையோ எனக் கேட்கலாம்.

இவ்விடத்து ஒன்றைத் தெளிதல் வேண்டும். பரீட்சைப் புள்ளி என்பது, இவர் மேற்கொண்டு கற்க வல்லவர் என்னும் எதிர்வுகூறல் மட்டுமே. கற்றுத் தேறிய ஈராண்டோ, அவர் கற்றுவிட்டார் என்பதற்கான சான்று. சான்று கைக்கு வந்த பின்னரும் பழைய எதிர்வுகூறலையே பற்றிக்கொண்டிருத்தல் தரத்தைக் காப்பதாகாது. அறிவை விட்டு, அறிவின் நிழலைக் காப்பதாகும். ஆகவே இரண்டாம் வாயிலை வேண்டுவோர் கடந்து வந்த தூரத்தைக் காட்டி இரங்குமாறு கேட்கவில்லை; வந்து சேர்ந்த இடத்தைப் பார்க்குமாறே கேட்கின்றனர். இறுதிப் பரீட்சை அவர்க்கும் பிறர்க்கும் ஒன்றாகவே இருக்கட்டும். வேண்டப்படுவது சலுகையன்று, நீதி.

2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழினுட்பம் ஒரு பட்டப் படிப்பாகும். மலையிற் கொய்த தளிர் பல்கலைக்கழகம் புகுந்துவிட்டது. அதைக் கொய்தவரின் பிள்ளை இருபது வயதில் வாயிலைத் தவறவிட்டு, இருபத்துநான்கு வயதிற் கையிற் சான்றுடன் திரும்பி வருமாயின், அப்பிள்ளைக்கு நாம் கூறப்போகும் விடை யாது?