பிள்ளையின் சைக்கிள் களவு போனால்



அம்பத்தூரில் ஒருநாள் மஃரிபு தொழுது முடித்து நாம் எழுந்தபோது, ஒருவர் தம் மகனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். டியூஷனுக்குப் போன இடத்தில் பையனின் சைக்கிள் களவு போய்விட்டதாம். "ஹஜ்ரத், மை போட்டுப் பார்க்கிறவங்க யாராவது இருக்காங்களா? ஒரு பையன் மேலே எங்களுக்குச் சந்தேகம். பேர் மட்டும் வந்துட்டாப் போதும்" என்றார்.

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தால் பேர் பெற்ற ஊர் அது. அவ்வூர்ப் பிள்ளைக்குச் சைக்கிள் எப்படிப்பட்ட சொத்து என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அழுது அழுது அவன் கண்கள் சிவந்திருந்தன. பூட்டவில்லை என்பதற்காக வீட்டில் இரண்டு அடி கிடைத்திருந்ததே தவிர, அவனிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

மை பார்ப்பதற்கும் பால்கிதாபு பார்ப்பதற்கும் மார்க்கத்தில் இடமில்லை. குறிகாரனிடம் போய்க் கேட்பவனின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது முஸ்லிம் ஷரீபில் வருகிறது. நாற்பது நாள் தொழுகை! சைக்கிள் என்ன விலை பெறும்? இன்னொரு கேடும் உண்டு. மையில் வருகிற பெயர், கேட்கப் போனவர் மனத்தில் முன்பே இருந்த பெயர்தான். பெரும்பாலும் அது ஏழை வீட்டுப் பிள்ளையின் பெயராகவே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சைக்கிள் போனால் வேறு வாங்கலாம். திருடன் என்று தெருவில் பேரெடுத்த பிள்ளை அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவான்?

அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு குருவி வளர்த்தார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது, பெரியவரை அழைப்பதுபோல் பேர் சொல்லி அழைத்து, குருவி என்னவாயிற்று என்று விசாரித்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். மதீனாவின் அத்தனை வேலைகளுக்கும் நடுவே!

1954-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பன்னிரண்டு வயதுப் பையனின் புதுச் சைக்கிள் களவு போயிற்று. எடுத்தவனை அடித்து நொறுக்குவேன் என்று குதித்தான். ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர் அவன் சொன்னதைக் கேட்டு, அடிக்கப் போகுமுன் சண்டை போடக் கற்றுக்கொள் என்று தாம் நடத்திய குத்துச்சண்டைக் கூடத்துக்கு அழைத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் முஹம்மது அலீ. 1980-இல் அவர் சென்னை வந்து காட்சிப் போட்டியில் இறங்கியதை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். (குத்துச்சண்டை கூடுமா என்பது வேறு மஸ்அலா, அதை இன்னொரு மாதம் பார்ப்போம்.) சைக்கிள் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

நிற்க. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது திர்மிதீயில் வரும் ஹதீஸ். ஆகவே பூட்டும் வேண்டும். போலீஸில் புகாரும் வேண்டும். புகார் எழுதினால் ரசீது கேட்டு வாங்குங்கள்.

இதைச் சொல்லிவிட்டுப் பையனை அருகில் உட்கார வைத்து, "வண்டி எப்படி இருக்கும் தம்பி?" என்று கேட்டோம். மாமா மாட்டித் தந்த மணி, இடப்பக்கம் தேய்ந்த பெடல், மட்கார்டில் தானே கீறிய முதலெழுத்து என்று இஷா பாங்கு வரை சொல்லிக்கொண்டே இருந்தான். மறுநாள் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் எழுதிய அடையாளங்களெல்லாம் அவன் சொன்னவைதாம். தகப்பனாருக்கு நிறம் மட்டுமே தெரிந்திருந்தது.