கூந்தலும் ஓய்வும்

பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, அன்றி மலராலும் சாந்தாலும் வந்து சேர்வதுதானா என்று பாண்டியன் அவையில் பெருவழக்கு நிகழ்ந்ததாகத் திருவிளையாடற் கதை கூறுகின்றது. நெற்றிக்கண் திறந்தபோதும் நக்கீரர் தம் முடிவில் தளரவில்லை என்று நாம் பெருமையோடு சொல்லி வருகின்றோம். ஆயின், அவ்வழக்கில் கூந்தலுக்குரிய பெண்ணை அழைத்து எவரும் ஒரு சொல் வினவவில்லை. கூந்தலைப் பாடியோர் பலர். அதை முடித்துக்கொள்பவளின் வாழ்வை எண்ணியோர் சிலரே.

பழந்தமிழர் கூந்தலை 'ஐம்பால்' என்றனர். குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என ஐவகையாக முடிக்கப்படுதலின் அப்பெயர் வந்தது என்பது உரை மரபு. மேற்கு ஆபிரிக்காவில், ஆநிரை மேய்த்தலைப் பழந்தொழிலாகக் கொண்ட ஃபுலானி மக்களிடையேயும் கூந்தலை ஐந்து நீண்ட பின்னல்களாக வகுக்கும் மரபு பெயர்பெற்றது. பின்னல்களில் வெள்ளிக் காசும் அம்பர் மணியும் கோப்பர். தாயிடமிருந்து மகளுக்கு வரும் காசுகளும் அவற்றுள் உண்டு. இத்தகைய பின்னலை ஒருத்தி தனியே போட்டுக்கொள்வது அரிது. இன்னொருத்தி பின்னே அமர்ந்து மணிக்கணக்கிற் பின்ன வேண்டும். எனவே, அதற்கு முதலில் வேண்டப்படுவது காசும் மணியுமன்று; நேரம். தன் நேரத்துக்குத் தான் உரியவளாக இருப்பவளே தன் கூந்தலுக்கும் உரியவள்.

இந்த உண்மையை எமது மலைநாட்டிற் பொருத்திப் பார்ப்போம். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே உள்ளது றொசல்ல. இங்குள்ள தேயிலை மலைகளிற் கொழுந்து பறிக்கும் பெண் தன் கூந்தலை இறுக வாரிப் பிடரியிற் கொண்டையாக முடிகிறாள். உச்சியில் ஒரு துணி மடிப்பு, அதன்மேற் கூடைக்கயிறு. பின்னலைத் தொங்கவிட்டால் அது கூடையிற் சிக்கும். உச்சியிற் பூச்சூடினால் கயிறு நசுக்கும். மழை நாட்களில் ஈரக் கொழுந்தின் பாரமும் அவ்வுச்சியிலேயே இறங்குகின்றது. மரபு ஐந்து முடிகளை வகுத்தது. கயிறு ஒன்றை மட்டுமே விட்டுவைத்தது.

விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, தண்ணீர் சுமந்து, குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுப் பெரட்டுக்களத்துக்கு ஓடுபவளுக்குச் சீப்பைத் தொட எத்தனை நிமிடம் கிடைக்கும்?

"வயிற்றுக்கே போதாதபோது கொண்டையா பெரிது?" என்று நம்மிற் சிலர் கேட்கலாம். பசிக்கு முதலிடம் என்பதில் ஐயமில்லை. எனினும், உழைப்பவள் உண்டால் மட்டும் போதும் என்னும் எண்ணம் யாருடைய எண்ணம்? அது தோட்டத்துரையின் கணக்கு அல்லவா? பொன்னையும் பட்டையும் கேட்பது வேறு. தன் தலையைத் தன் விருப்பப்படி வாரிக்கொள்ள அரைமணி கேட்பது வேறு. பின்னது மனிதத் தன்மையைச் சார்ந்தது.

அதிகாரம் இதை நன்கறியும். 1786இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் மீரோ, சுதந்திரமடைந்த கறுப்பினப் பெண்கள் தம் கூந்தலைத் துணியால் மறைக்க வேண்டும் எனக் கட்டளையிட்டார். 2019இல் கலிபோர்னியா மாநிலம், பின்னல் முதலிய முடியமைப்புகளைக் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு செய்வதைச் சட்டத்தால் தடுத்தது. கூந்தல் அற்பப் பொருளாயின் கட்டளையும் சட்டமும் எதற்கு? நம் சமூகத்திலும் மரபின் பெயரால் விதவையரின் தலை மழிக்கப்பட்டது. ஆகவே, பழமை அனைத்தையும் நாம் போற்றவில்லை. ஐம்பாலாக வகுப்பதோ, கத்தரித்துவிடுவதோ, அவளே தீர்மானிக்கட்டும் என்கிறோம்.

தேயிலை விளம்பரங்களில் அவள் புன்னகைக்கிறாள். அங்கே கயிறும் ஓர் அணிகலன்போலத் தோன்றுகிறது. 1984இல் தோட்டங்களில் ஆண், பெண் நாட்கூலி சமமாக்கப்பட்டது. அது பெரும் வெற்றியே. ஆனால், அடுப்பின் முன் கழியும் நேரம் இன்னும் சமமாகவில்லை. ஞாயிறு பிற்பகலில் லயத்து வாசற்படியில் ஒருத்தி மற்றொருத்தியின் தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுக்கும் அச்சிறு பொழுதே அவளுக்கு எஞ்சியது. அதை ஏனைய நாட்களுக்கும் விரிப்பது தொழிற்சங்கத்தின் கடமை மட்டுமன்று. லயத்து வீடுகளிலிருந்து படித்து வந்த ஆசிரியரும் மாணவரும் தத்தம் வீட்டு அடுப்பை யார் மூட்டுகிறார் என்ற கேள்வியிலிருந்து அதைத் தொடங்கலாம்.