மண் என்று சொல்லப்படுவது

திராட்சை மதுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'டெர்வா' என்றொரு பிரெஞ்சுச் சொல்லை வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தின் மண், சரிவு, வெயில், மழை எல்லாம் சேர்ந்து மதுவில் ருசியாக இறங்குகிறது என்பது அதன் பொருள். நம் இலக்கிய உலகின் 'மண் வாசனை'க்கு இது தூரத்து உறவு. இரண்டையும் ஒருமுறை சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியிருப்பதில்லை.

போர்ச்சுகலின் டோரோ நதிப் பள்ளத்தாக்கில் சில நாட்கள் சுற்றியபோது இந்தச் சொல் எனக்கு உறுத்தத் தொடங்கிற்று. அந்தச் சரிவுகளில் மண் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பலகை பலகையாகப் பிளக்கும் ஷிஸ்ட் பாறைதான். அதைக் கடப்பாரையால் உடைத்து, உடைந்த தூளையே மண்ணாக்கி, பெரிய துண்டுகளைச் சாந்து பூசாமல் அடுக்கிச் சுவராக்கி, சுவருக்குப் பின்னால் கொடியை நட்டிருக்கிறார்கள். இந்த வேலைக்கு உள்ளூர்க்காரர்கள் போதாமல் வடக்கே ஸ்பெயினின் கலீஸியாவிலிருந்தும் கூலியாட்கள் வந்தார்கள். நான் பார்த்த எந்தச் சுவரிலும் ஒரு பெயர்கூட இல்லை. கோப்பையில் மண்ணின் ருசி என்று கொண்டாடப்படுவதில் பாதி, யாரோ ஒருவனின் முதுகுவலி. அதை இயற்கையின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். 2001-ல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது 'இயற்கை' என்ற பிரிவில் வைக்கவில்லை, 'கலாசாரம்' என்ற பிரிவில்தான் வைத்தது. குமாஸ்தாக்களுக்குப் புரிந்தது ரசிகர்களுக்குப் புரியவில்லை.

எல்லையும் அப்படித்தான். போர்ட் மதுவுக்கான திராட்சை எங்கே விளையலாம் என்பதை 1756-ல், பின்னாளில் பொம்பால் பிரபுவான மந்திரியின் ஆட்சி வரையறுத்தது. ஷிஸ்ட் மலையில் கருங்கல் தூண்களை நட்டு எல்லை காட்டினார்கள். அதற்கென அமைத்த கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து 1757-ல் போர்ட்டோ நகரில் கலகம் மூண்டது. பலரைத் தூக்கில் போட்டார்கள். இதெல்லாம் 'டெர்வா'வில் சேருமா?

அழகென்பதே சுரண்டலின் முகமூடி என்று தீர்ப்பெழுதிவிட்டு ரயிலேறுவது இன்னொரு சுலபமான வழி. நம் முற்போக்கு விமர்சகர்கள் அதைத்தான் செய்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. மலையின் வளைவோடு பிசகாமல் ஓடும் அந்தச் சுவர்கள் அழகாகத்தான் இருக்கின்றன. கூலிக்கு அவ்வளவு ஒழுங்கு அவசியமில்லை. அடுக்கியவனுக்கு ஏதோ ஒரு பிடிவாதம் இருந்திருக்க வேண்டும். அவன் துன்பத்தை மட்டுமே பார்க்கிறவன், அவனிடமிருந்து அவனுடைய ரசனையையும் பிடுங்கிக்கொள்கிறான்.

அப்படியானால் பெயர் தெரியாத, செத்துப்போன அவனுக்கு நான் எதைக் கடன்பட்டிருக்கிறேன்? கொடுத்தவன் பெயரில்லாத கடனை எழுத எங்கள் வங்கி ஏட்டில் இடமில்லை. என் குற்றவுணர்ச்சியும் அவனைப் போய்ச் சேராது. சுவரைச் சுவராகப் பார்ப்பது ஒன்றுதான் என்னால் ஆகக்கூடியதென்று தோன்றுகிறது.

அதற்குத் தோதான இடங்கள் அங்கே 'மொர்ட்டோரியோ' என்று சொல்லப்படும் சரிவுகள். 1860-களில் ஃபிலாக்ஸெரா என்னும் பூச்சி வந்து கொடிகளின் வேரை அழித்த பிறகு, அங்கே மறுபடி திராட்சை நடவில்லை. புதர் மண்டிவிட்டது, சில இடங்களில் ஒலிவ மரம் வைத்திருக்கிறார்கள். என்னோடு வந்த பிரயாணிகள் அங்கே காமிராவை எடுக்கவில்லை. கொடி மறைக்காததால் சுவர் முழுசாகத் தெரிந்தது. கை வைத்தபோது கல் சுட்டது. பெரிய கற்களின் இடுக்குகளில் சின்னச் சின்னச் சில்லுகளைத் தேடிச் செருகியிருந்தான், மழைத் தண்ணீர் கசிய வழி விட்டு.