மூடு அந்த லேப்டாப்பை!

நாளைக் காலை புராஜெக்ட் ரிவ்யூ. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாற்பதாவது ஸ்லைடுக்கு அனிமேஷன் போட்டுக்கொண்டிருக்கிறாயே தம்பி, மூடு அந்த லேப்டாப்பை!

ஆறு மாதம் பம்பைக் கழற்றி மாட்டியவன் நீ. நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முன்னால் நின்றதும் ஏன் கூனிக்குறுகுகிறாய்? பேச்சு பிறவி வரமாம். யார் சொன்னது?

விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே கொல்லன் மகன். பள்ளிப் படிப்பு பேருக்குத்தான். லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்த பையன், 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராக நுழைந்தார். பேச வராதென்று மூலையில் உட்காரவில்லை. பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடம் கேட்டார். வேகமாகப் பேசிவிடும் வழக்கம் இருந்ததால், 'மெதுவாக' என்று எழுதிய அட்டையைத் தன் கண்ணெதிரே வைக்கச் சொன்னார்! 1827 முதல் 1860 வரை 19 முறை அங்கே பிள்ளைகளுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவு அவருடையது.

அதில் ஒன்று வெறும் மெழுகுவர்த்தியைப் பற்றி. சுடரை ஊதி அணைத்தார். திரியிலிருந்து எழுந்த புகையில், இரண்டு மூன்று அங்குலம் தள்ளி நெருப்பைக் காட்டினார். புகை வழியே தீ குப்பென்று இறங்கித் திரியைப் பற்றியது. எரிவது மெழுகின் ஆவி என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். அதற்கு எத்தனை ஸ்லைடு வேண்டும்?

என் முதல் செமினாரில் இருபது நிமிடமும் திரையைப் பார்த்தே வாசித்தேன். திரும்பினால் முன்பெஞ்சில் ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். அவர்மேல் தப்பில்லை.

நீ பத்து ஸ்லைடோடு நிறுத்து. கிராஃப் காட்டினால் எந்த அச்சில் என்ன, அலகு என்ன என்பதை முதலில் சொல். தெரியாததைக் கேட்டால், "அதைச் சோதிக்கவில்லை சார்" என்று நிமிர்ந்து சொல். மழுப்பினால்தான் மாட்டுவாய். இங்கிலீஷ் தடுக்குகிறதா? சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசு, போதும்.

உன் பம்பின் குழி விழுந்த இம்பெல்லர் எங்கே? துணியில் சுற்றி எடுத்துப் போ. வணக்கம் சொன்ன கையோடு எக்ஸ்டர்னல் கையில் கொடு. "தடவிப் பாருங்கள் சார். இந்த இரும்பைத் தோண்டியது தண்ணீரில் உள்ளொடுங்கி நொறுங்கிய குமிழி" என்று சொல். அவர் விரல் குழியைத் தேடும். அதற்கப்புறம் போடு முதல் ஸ்லைடை.