குழாயடியில் கர்மயோகம்

பூஜையின் தொடக்கத்தில் அர்ச்சகர் கலசத்தில் நீர் நிரப்பி, அதன் வாயைக் கையால் மூடி, பாரதத்தின் புண்ணிய நதிகளை அதில் எழுந்தருளுமாறு வேண்டுகிறார். கங்கை, யமுனை எனத் தொடங்கும் அந்த வரிசையில் காவிரிக்கும் இடமுண்டு. மைசூரு நகர மக்களுக்கு இதில் ஒரு தனிப் பேறு வாய்த்திருக்கிறது. பிற ஊர்களில் பாவனையால் மட்டுமே வரவழைக்கப்படும் காவிரி, அங்கே குழாய் வழியாகவும் வருகிறாள். 1896-இல் அந்நகருக்கு வாணி விலாச நீர்நிலையம் அமைந்தது. சாமராஜ உடையார் மன்னரின் மறைவுக்குப் பின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற மகாராணியாரின் பட்டப்பெயர் அது. காவிரியும், அவளோடு கலக்கும் கபினியுமே இன்றும் நகரின் தாகத்தைத் தணித்து வருகின்றன.

அந்த நீர் பள்ளிக்கூடங்களுக்கும் செல்கிறது. இடைவேளை மணி அடித்ததும் குழந்தைகள் குழாயடிக்கு ஓடுகிறார்கள். கைகளைக் குவித்துக் குடித்துவிட்டு, வாயைச் சட்டையில் துடைத்துக்கொண்டு விளையாடப் போகிறார்கள். இந்த நீர் எங்கிருந்து வந்தது, தொட்டி எப்போது கழுவப்பட்டது என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. பெரியவர்கள் தந்தது, ஆகவே நல்லது என்பதே அதன் நம்பிக்கை. சாதகர்கள் பல ஆண்டுகள் முயன்று பெற விரும்பும் சரணாகதியை அந்தக் குழந்தை குழாயடியில் இயல்பாகவே செய்துவிடுகிறது. அப்படிச் சரணடைந்த குழந்தைக்குப் பெரியவர்கள் செலுத்த வேண்டிய கடன் என்ன?

சட்டம் தன் விடையைச் சொல்லிவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பாதுகாப்பான, போதுமான குடிநீரைப் பள்ளிக்கூடத்தின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாக வைத்தது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரும் கழிப்பறையும் ஆறு மாதங்களுக்குள் அமைய வேண்டும் என்று மாநில அரசுகளுக்கு ஆணையிட்டது. 2020-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று, ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ், கிராமப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் குழாய் நீர் வழங்கும் நூறு நாள் முயற்சி தொடங்கியது. இவை யாவும் வணக்கத்திற்குரிய பணிகளே. ஆனால் சட்டத்தால் குழாயைக் கொண்டுவர முடியும். தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதரின் மனநிலை பற்றியதே இங்கு எழும் தர்மக் கேள்வி.

நிகழாமையே பலன்

பெரும்பாலான நற்செயல்களின் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. அன்னதானம் செய்தால் பசி தீர்ந்த முகங்களைக் காணலாம். பள்ளிக் கட்டடம் கட்டினால் அது நிமிர்ந்து நிற்கும். நீரைக் காக்கும் பணி அப்படியன்று. அதைச் செவ்வனே செய்தால் ஒன்றுமே நிகழாது. எந்தக் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு வராது. எந்தத் தாயும் மருத்துவமனைக்கு ஓட மாட்டாள். நிகழாத ஒன்றுக்காக யாரும் நன்றி சொல்வதில்லை.

பணி தவறினால் மட்டுமே அதன் அருமை தெரிகிறது. 2024 மே மாதம் மைசூரு நகரை அடுத்துள்ள கே. சாலுண்டி கிராமத்தில் மாசடைந்த குடிநீரால் ஏராளமானோர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புற்றனர். ஓர் இளைஞர் உயிரிழந்தார். அந்தக் கிராமம் இருப்பது வறண்ட பாலைவனத்தில் அன்று. காவிரியும் கபினியும் பாயும் செழுமையான மண்ணில்.

செல்வமும் அறிவியலும் மிகுந்த அமெரிக்காவிலும் இதே பாடம் கற்பிக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம், செலவைக் குறைப்பதற்காகத் தன் நீராதாரத்தை அருகிலுள்ள ஆற்றுக்கு மாற்றியது. குழாய்கள் அரிக்கப்படாமல் காக்கும் ஒரு வேதிப்பொருளை நீரில் சேர்க்கும் எளிய வேலை அப்போது விடுபட்டுப் போயிற்று. பழைய குழாய்களிலிருந்த ஈயம் நீரில் கரைந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு உயர்ந்திருப்பதை 2015-இல் ஒரு குழந்தை மருத்துவர் எடுத்துக்காட்டிய பிறகே உலகம் விழித்தது. நாள்தோறும் நிகழ்ந்த, யாரும் பாராட்டாத ஒரு சிறு பணி நின்றுபோனதன் விளைவு அது.

கொடுத்தவரும் காப்பவரும்

தமிழகத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதும், கன்னட நாட்டில் அரவட்டிகே அமைப்பதும் தொன்றுதொட்டு வரும் தர்மம். கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். நீரைக் கொடுப்பது புண்ணியம் என்பதில் இந்நாட்டு மக்களுக்கு ஐயம் இருந்ததே இல்லை. இன்று அந்தத் தர்மம் வேறு வடிவம் கொண்டிருக்கிறது. அன்பர்கள் பள்ளிகளுக்குச் சுத்திகரிப்பு இயந்திரங்களை வாங்கித் தருகிறார்கள். திறப்பு விழா நடக்கிறது. கொடையாளரின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது. அது தவறன்று. ஆனால் அந்த இயந்திரத்தின் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுபவரின் பெயரை எந்தக் கல்லும் சொல்வதில்லை. மாற்றாவிட்டாலோ, தூய்மை செய்ய வந்த வடிகட்டியே கிருமிகள் தங்கும் இடமாகிவிடுகிறது. கொடுப்பது ஒரு நாள் பணி. காப்பது ஒவ்வொரு நாளும் செய்யும் பணி. முன்னதில் புகழ் உண்டு. பின்னதில் வேலை மட்டுமே உண்டு.

பலனை எதிர்பாராமல் பணியாற்றுமாறு கீதையில் பகவான் உபதேசித்தார். அதைப் பயில விரும்பும் ஒருவர் தகுந்த இடம் தேடி அலைய வேண்டியதில்லை. பள்ளியின் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் ஏணியே போதும்.

பற்றின்மையும் அலட்சியமும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். பலனைக் கருதக் கூடாது என்றால், தொட்டியில் பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டு, 'என் கடமை முடிந்தது, மற்றது இறைவன் செயல்' என்று ஒருவர் சென்றுவிடலாமே? பலர் இப்படித்தான் எண்ணுகிறார்கள். பற்றின்மை என்ற உயர்ந்த சொல் அலட்சியத்திற்குப் போர்வையாகிவிடுகிறது.

பலன் என்ற சொல்லில் இரண்டு பொருள்கள் கலந்துள்ளன. செய்பவருக்குக் கிடைக்கும் புகழும் நன்றியும் ஒன்று. செயலால் பிறருக்கு ஏற்படும் விளைவு மற்றொன்று. கர்மயோகி துறப்பது முதலாவதையே. இரண்டாவதில் அவர் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்தோடு இருக்கிறார். செயலில் திறமையே யோகம் என்று கூறுவதும் அதே கீதைதான். தனக்கு என்ன கிடைக்கும் என்ற கவலை நீங்கிய மனத்திற்குத்தான், குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கத் தெளிவு இருக்கும். ஆகவே நீரைச் சோதித்தறிவது பலனில் கொண்ட பற்றன்று. அது பணியின் ஒரு பகுதி.

ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய ஓர் உவமை இங்கே நினைவுக்குரியது. நீர் யாவும் நாராயணனே. ஆயினும் ஒரு நீர் பூஜைக்கு உகந்தது, ஒரு நீர் குளிப்பதற்கு, ஒரு நீர் பாத்திரம் கழுவுவதற்கு மட்டுமே என்று அவர் பகுத்துக் காட்டினார். எல்லாவற்றிலும் இறைவனைக் காணும் பக்தி, விவேகத்தை விட்டுவிடச் சொல்வதில்லை. காவிரி தாய்தான். துலா மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவளில் நீராடுபவர்களின் பக்தி உண்மையானது. ஆனால் தாயின் பெயரால் வரும் நீரையும், குழந்தைக்குக் கொடுக்கும் முன் சோதிக்கத்தான் வேண்டும்.

கண்ணும் நாவும் இதற்குப் போதா. 1854-இல் லண்டன் பிராட் தெருவின் அடிபம்பு நீரால் காலரா பரவியது. அந்த நீரின் சுவையை விரும்பித் தொலைவிலிருந்து வரவழைத்துக் குடித்த ஒரு மூதாட்டியும் அதற்குப் பலியானார். அன்பும் தனியே போதாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தால், எவ்வளவு அன்போடு கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைக் குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பற்களும், பின்னர் எலும்புகளும் கெடுகின்றன. அன்பு அறிவோடு சேரும்போதுதான் சேவையாகிறது.

செய்யக்கூடியவை

சோதனைகள் எளியவை. கிருமிநீக்கத்திற்காகக் குளோரின் கலந்த நீர் குழாயை அடையும்போது, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவாவது அதில் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். சில துளிகளில் நிறம் மாறும் சிறு பெட்டியைக் கொண்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களே இதை அறியலாம். மலக்கிருமிகள் கலந்த நீரை ஊற்றி வைத்தால் ஓரிரு நாட்களில் கருத்துவிடும் சோதனைக் குப்பிகளும் உள்ளன. தொட்டி கழுவிய தேதியைச் சுவரில் எழுதி வைப்பதற்குச் செலவே இல்லை. தொட்டியைக் கழுவும் பணியாளரைப் பெயர் சொல்லி மரியாதையோடு அழைப்பதற்கும் செலவில்லை. பள்ளிக்கு இயந்திரம் வாங்கித் தரும் அன்பர், அதன் ஐந்தாண்டுப் பராமரிப்பையும் ஏற்றுக்கொண்டால் அவருடைய தானம் முழுமை பெறும்.

1892-இல் பரிவிராஜகராக மைசூருக்கு வந்த சுவாமி விவேகானந்தர், அன்றைய மன்னர் சாமராஜ உடையாரின் விருந்தினராகத் தங்கினார். 1894-இல் அமெரிக்காவிலிருந்து அம்மன்னருக்கு எழுதிய கடிதத்தில், எளிய மக்களை உயர்த்தும் கடமையை வலியுறுத்தினார். ஜீவனைச் சிவனாகக் கருதிச் சேவை செய்வதே அவர் தம் குருவிடம் கற்ற பாடம். அன்போடு அளிக்கும் சிறிது நீரையும் தாம் ஏற்பதாகப் பகவான் கூறியிருக்கிறார். பள்ளிக் குழாயடியில் கை குவித்து நிற்கும் குழந்தையின் வடிவில் அவர் நாள்தோறும் அதைக் கேட்கிறார். குழந்தை குடித்துவிட்டு வகுப்பறைக்குத் திரும்புகிறது. அன்றும் மறுநாளும் அதற்கு ஒரு நோயும் வருவதில்லை. யாரும் கவனிக்காத அந்த நலமே, தொட்டியைக் கழுவியவர் செய்த அர்ச்சனைக்குக் கிடைத்த பிரசாதம்.