அணைந்த உலையும் அடுத்த தலைமுறையும்

வீடு கட்டுகிறவன் அதை இடிப்பதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவைப்பதில்லை. அணுமின் நிலையத்தின் பொருட்டு அப்படியொரு வழக்கம் ஏற்பட்டது. இந்தியாவில் விற்கப்படும் அணுமின்சாரத்தில், பின்னாளில் நிலையத்தைக் கலைப்பதற்கென்றே யூனிட்டுக்கு 2 பைசா பிடித்துவைக்க விதி செய்தார்கள். அந்த 2 பைசா போதுமா என்பதைப் பொருளியல் அறிஞர் ஆராயட்டும். விளக்கின் வெளிச்சத்தில் அமர்ந்தவர் ஒருவர், சாம்பலை அள்ளுகிறவர் இன்னொருவர் என்றால் அது முறைதானா என்பதே நம் கேள்வி.

ராஜஸ்தானத்து ராவத்பாட்டாவில், கனடாவின் துணையோடு எழுந்த முதல் உலை 1973-ஆம் ஆண்டு வணிக உற்பத்தியில் இறங்கியது. மறு ஆண்டே இந்தியா அணுவெடிப்புச் சோதனை நிகழ்த்த, கனடா விலகிக்கொண்டது. 1980களில் உலையின் முனைக் கவசத்தில் விரிசல் கண்டது. 2004-இல் உலை நின்றது. பிறகு எரிபொருளும் அகற்றப்பட்டது. ஆயினும் அடுப்பை அணைப்பது வேறு, அடுப்பங்கரையைக் கலைப்பது வேறு. எரிபொருள் போன பின்னும் எஃகினுள்ளே கதிரியக்கம் குடியிருக்கும். அதிலுள்ள கோபால்ட்-60 ஏறத்தாழ 5.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஐம்பது ஆண்டுகள் பொறுத்தால் எழுநூறில் ஒரு பங்கே எஞ்சும்.

இங்கேதான் அறம் இரண்டாகப் பிளவுபடுகிறது. உடனே கலைத்தால் இன்றைய தொழிலாளியின் உடல் கூடுதல் கதிர்வீச்சைத் தாங்க வேண்டும். காத்திருந்தால், அந்த மின்சாரத்தில் ஒரு விளக்கும் ஏற்றாத பேரப்பிள்ளை அந்தச் சுமையைத் தூக்க வேண்டும். இங்கிலாந்தின் பெர்க்லி நிலையம் 1962 முதல் 1989 வரை ஓடியது. அதன் உலைகளை 2010-இல் பூட்டிவைத்து, இறுதிக் கலைப்பைப் பல பத்தாண்டுகளுக்கு அப்பால் தள்ளினார்கள். ஜெர்மனியின் நீடரைக்பாக் நிலையமோ 1974-இல் மூடப்பட்டு, 1995-இல் பசும்புல்வெளியாயிற்று. ஆனால் அது ஓடிய காலம் மிகக் குறைவு. ஒப்பிடுவதற்கு அது நல்ல சான்றாகாது.

தொழிலாளியின் உயிரைக் காக்கக் காத்திருப்பதை நான் குறை சொல்லேன். ஆனால் காத்திருக்கும்போது கதிரியக்கம் மட்டுமா தேய்கிறது? எந்தக் குழாய் எங்கே வளைகிறது, எந்தச் சுவரில் எது கசிந்தது என்று அறிந்தவர்கள் ஓய்வு பெறுகிறார்கள், மறைகிறார்கள். பணத்தை வங்கியில் போட்டுவைக்கலாம். கைப்பழக்கத்தை எங்கே போட்டுவைப்பது? வரைபடமும் பதிவேடும் ஓரளவே உதவும். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதை நன்கறிவர். ஒத்திவைக்கும் அரசு, இளைஞரைப் பழையவரோடு பழக்கிவைக்காவிட்டால் அதற்குப் பொறுமை என்று பெயரில்லை. தட்டிக்கழித்தல் என்றே பெயர்.

கல்பாக்கத்தின் இரு உலைகளும் 1984, 1986 ஆகிய ஆண்டுகளில் வணிக உற்பத்தியில் இறங்கின. அருகே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை சிதைந்து நிற்கிறது. அதற்குக் காவலன் இல்லாவிட்டால் ஆடுதான் மேயும், வேறு கேடில்லை. உலையை அப்படி விட்டுப் போக முடியாது.

புக்கிட் பாஞ்சாங்கின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்குக் குத்தகை புதிதன்று. 99 ஆண்டு முடிந்தால் வீட்டை அரசிடம் திருப்பித் தர வேண்டும் என்பதை அறிந்தே குடிபுகுகிறோம். சிங்கப்பூரில் 2012-இல் வெளியான ஆய்வு, அன்றைய அணுவுலைகள் இச்சிறு தீவுக்குப் பொருந்தா என்றது. சிறிய, புதிய உலைகளைப் பற்றிய பேச்சு பின்னர் எழுந்திருக்கிறது. யூனிட் என்ன விலை என்று விசாரிக்கிறவர்கள், குத்தகை எப்போது முடியும், சாவியை யார் கையில் தருவது என்பதையும் அதே மூச்சில் விசாரிக்கலாமே.