பூட்டிய அழகு யாருக்கு உரியது?

அழகிய பொருள் ஒன்றை ஒருவன் விலைகொடுத்து வாங்கிப் பிறர் கண்ணிற் படாதவாறு பூட்டிவைக்கின்றான். பூட்டிவைத்தமையாலேயே அது அழியாமற் பிழைத்தும் விடுகின்றது. பல்லாண்டு கழிந்தபின் கதவு திறக்கின்றது. அப்பொழுது அப்பொருள் யாருக்கு உரியது? வாங்கியவனுக்கா, வாங்குவதற்கான செல்வத்தை ஈட்டிக் கொடுத்த உழைப்பாளிக்கா, கண்டு மகிழும் ஆற்றல் படைத்த மக்கள் எல்லோருக்குமா? சட்டம் இவ்வினாவுக்கு ஏதோ ஒரு விடையைச் சொல்லிவிடும். ஆனால் அறம் அவ்வளவு விரைவில் அமைதி அடைவதில்லை. பிரான்சு நாட்டிலே மறைந்து கிடந்த பழைய மோட்டார்க் கார்கள் வெளிவந்த இரு வரலாறுகளை முன்வைத்து இதனை நாம் ஆராய்தல் தகும்.

அல்சாஸ் பிரதேசத்திலுள்ள மியூலூஸ் ஒரு தொழில் நகரம். அப்பகுதியில் ஹான்ஸ், பிரிட்ஸ் எனும் ஷ்லும்ப் சகோதரர் இருவர் கம்பளி நூல் ஆலைகளுக்கு அதிபதிகளாய் இருந்தனர். இளையவராகிய பிரிட்சுக்குப் புகாட்டிக் கார்களின்மேல் அடங்காத மோகம். அதே அல்சாசில், மோல்சைம் என்ற ஊரிலே, எத்தோர் புகாட்டி என்பவர் உருவாக்கிய கார்கள் அவை. இயந்திரத்தையும் ஒரு சிற்பமாகக் கருதியவர் அவர். 'ரோயால்' என்னும் பெருங் காரை அவர் அரசர்களுக்கென்றே திட்டமிட்டார். ஆறு கார்களே செய்யப்பட்டன. எந்த அரசனும் வாங்கவில்லை!

அந்த ஆறில் இரண்டு பிரிட்சின் கைக்கு வந்தன. 1960களில் அவர் நாடு நாடாகத் தேடிக் கார்களை வாங்கிக் குவித்தார். மியூலூசில் வாங்கிய பழைய கம்பளி ஆலையொன்று அவற்றின் மண்டபமாயிற்று. பழுதுபார்த்த கம்மியர்கள் இரகசியம் காக்குமாறு பணிக்கப்பட்டனர். பாரிசிலுள்ள மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்து விளக்குகளைப் போலவே வார்ப்பித்த விளக்குத் தூண்கள் நூற்றுக்கணக்கில் உள்ளே நிறுத்தப்பட்டன. வெளியே நூல் நூற்றவர்களுக்கோ உள்ளே நடப்பது தெரியாது.

1976இல் நெசவுத் தொழிலின் நெருக்கடி முற்றியது. ஆட்குறைப்பு வந்தது, வேலைநிறுத்தம் மூண்டது. முதலாளிகள் எல்லை கடந்து சுவிற்சர்லாந்தின் பாசெல் நகருக்குச் சென்றுவிட்டனர். 1977 மார்ச் 7ஆம் நாள் தொழிலாளர் அம்மண்டபத்தினுட் புகுந்தனர். ஆலையில் பணமில்லை என்று கேட்டுவந்த காதினர், 400க்கும் மேற்பட்ட கார்கள் மெருகு குலையாமல் வரிசையாக நிற்பதைக் கண்டனர். அவற்றில் 100க்கும் மேற்பட்டவை புகாட்டிகள். அந்தக் கணத்தில் அவர்கள் நெஞ்சில் எழுந்தது வியப்பா, வெஞ்சினமா? இரண்டும் ஒருங்கே எழுந்திருக்கும் என்று கொள்வதே இயல்பு.

இங்கேதான் நமது வினா கூர்மை பெறுகின்றது. பிரிட்சின் பக்கத்தில் நின்று வாதிப்போர் சொல்வது யாது? அவர் வாங்கியிராவிடின் அவற்றுட் பல பழைய இரும்பாகியிருக்கும் என்பர். ஒருநாள் அருங்காட்சியகமாகத் திறக்கும் எண்ணம் அவருக்கு இருந்தது என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் காத்தல் வேறு, உடைமை வேறு. பொருளைக் காத்தவன் நமது நன்றிக்கு உரியவன். அக்காவலுக்கான செலவை யார் தலையில் ஏற்றினான் என்ற கணக்கிலிருந்து அந்த நன்றி அவனை விடுவிக்காது. 'ஒருநாள்' திறப்பேன் என்பவன் அந்த நாளைக் குறிக்கும் அதிகாரத்தையும் தன்னிடமே வைத்துக்கொள்கின்றான். வள்ளுவர் 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரமே வகுத்தார். பயன்படாத செல்வம் குறைபாடுடையது என்பது நமக்குப் புதிய கருத்தன்று.

தொழிலாளர் செய்ததை நோக்குங்கள். அவர்கள் மண்டபத்தைக் கைப்பற்றி, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் வந்து பார்த்தனர். சம்பளம் இழந்தவர்கள் தமக்கு உரியதைக் கேட்டார்கள். கேட்கும்போதே எல்லோருக்கும் உரியதை எல்லோருக்கும் காட்டினார்கள். அழகுணர்ச்சி செல்வருக்கு மட்டும் வாய்த்த நுண்ணுணர்வு என்று பேசுவோர்க்கு இதனினும் சிறந்த மறுமொழி வேண்டுமா?

1978இல் பிரெஞ்சு அரசு அச்சேகரிப்பை வரலாற்றுச் சின்னமாக்கி, சிதறாமற் காத்தது. 1981இல் அது 4 கோடி 40 இலட்சம் பிராங்குக்குத் தேசிய அருங்காட்சியகத்துக்கென வாங்கப்பட்டது. ஆனால் இதனை முழு வெற்றி என்று கொண்டாட நம்மால் இயலாது. கார்கள் பிழைத்தன, ஆலைகள் பிழைக்கவில்லை. பிற்காலத்தில் அருங்காட்சியகத்தின் பெயரோடு இணைந்ததும் ஷ்லும்ப் என்ற பெயரே. கதவைத் திறந்தவர்கள் பெயர் முகப்பில் ஏறவில்லை.

மற்றைய வரலாறு சுருக்கமானது. பிரான்சின் மேற்குப் பகுதியில் போக்குவரத்துத் தொழில் நடத்திய ஒருவர், இவ்வாறே அருங்காட்சியகக் கனவோடு கார்களைச் சேர்த்தார். 1970களில் தொழில் நொடித்தது. எஞ்சியவை கொட்டில்களிற் கிடந்து துருவேறின. 2014இல் ஏலக்காரர் அங்கே 60 கார்களைக் கண்டனர். 2015 பெப்ரவரியில் பாரிசில் ஏலம் நடந்தது. நடிகர் அலன் தெலோன் ஒருகால் வைத்திருந்த பெராரி ஒன்று மட்டும் 1 கோடி 60 இலட்சம் யூரோவைத் தாண்டியது. தூசியும் துடைக்கப்படவில்லை, மறைந்து கிடந்தமைக்குச் சான்றான அத்தூசியே விலையை உயர்த்திற்று. பொருளின் அருமை அதனை ஆக்கிய கையினால் மட்டுமன்றி, பிறர் காணாதிருந்த காலத்தினாலும் அளக்கப்படும் சந்தை இது. ஒரு கதவு திறந்தது. கார்கள் ஏலத்தில் பிரிந்து வெவ்வேறு உடைமையாளரின் கதவுகளுக்குள் சென்றன.

இரு நாட்டங்களும் ஒன்றே, முடிவுகள் வேறு. ஓரிடத்தில் வெளிப்பட்டது பொதுச் சொத்தாயிற்று. மற்றோரிடத்தில் அது விலையாயிற்று. முன்னையதைச் சாத்தியமாக்கியது செல்வரின் பெருந்தன்மை அன்று. ஒன்றுபட்ட தொழிலாளரின் செயல். அழகை நேசிப்பது குற்றமாகாது. அதனை ஆக்கியோரையும் அதற்கு விலைதந்த உழைப்பையும் மறந்து நேசிப்பதே குற்றம். உழைப்பவனுக்கு ஊதியமும் வேண்டும், ரோயாலைப் பார்க்கும் உரிமையும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தந்து மற்றதை மறுக்கும் சமுதாயம் இன்னும் கதவைப் பாதிதான் திறந்திருக்கின்றது.